அள்ளியும் பள்ளியும்

பல்கலைக் கழகத்தில் சேர்ந்த முதல் வாரம் அது. விடுதி உணவுக் கூடத்தில் புதிய மாணவர்கள் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொண்டிருந்தோம். எதிரில் அமர்ந்திருந்த கன்னட நண்பர், "எந்த ஊர்?" என்று கேட்டார். தருமபுரி மாவட்டத்திலுள்ள என் சிற்றூரின் பெயரைச் சொன்னேன். அது 'அள்ளி' என்று முடியும் பெயர். நண்பர் சிரித்தார். "அப்படியானால் அது எங்கள் ஊர்தானே! ஹள்ளி கன்னடச் சொல் அல்லவா?" என்றார். என் பக்கத்திலிருந்த தமிழ் நண்பர் தென்பாண்டி நாட்டவர். அவரும் விட்டுவிடவில்லை. "ஆமாம், அது தமிழ்ப் பெயரே அன்று. நல்ல தமிழில் மாற்றிவிடுங்கள்" என்றார்.

இருவரும் நல்லவர்கள், இருவரும் விளையாட்டாகவே பேசினார்கள். ஆனால் எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாக என் ஊர் என்று சொல்லி வந்த ஊரை ஒருவர் தம்முடையது என்கிறார். மற்றவர் நம்முடையது அன்று என்கிறார். பாட்டனும் பூட்டனும் உழுத மண்ணுக்கு இட்ட பெயர் எந்த மொழிக்கு உரியது? அதைத் தெரிந்துகொள்ளாமலேயே இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்ற வெட்கம் வந்தது. அறிவியல் மாணவனுக்கு ஐயம் வந்தால் அதற்கு மருந்து ஒன்றுதான்: சான்றுகளைத் தேட வேண்டும். அப்படித் தேடியதில் கிடைத்தவற்றைச் சங்கத்து நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூன்று விதிகள்

ஊர்ப் பெயர் ஆராய்ச்சி நமக்குப் புதியதன்று. அறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளை 1946-ஆம் ஆண்டிலேயே 'தமிழகம் ஊரும் பேரும்' என்ற நூலை நமக்குத் தந்திருக்கிறார். இங்கிலாந்தில் இதற்கெனவே ஒரு கழகம் 1923-இல் தோன்றி, மாவட்டம் மாவட்டமாகப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது. உலகப் புகழ் பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு என்ற பெயர், எருதுகள் ஆற்றைக் கடந்து சென்ற துறை என்ற எளிய பொருளையே உடையது. பெரும் பல்கலைக் கழகத்தின் பெயருக்குள் இன்றும் மாட்டின் குளம்படி கேட்கிறது!

இந்த ஆராய்ச்சியில் இறங்குவோர் மூன்று விதிகளை மறக்கலாகாது. முதலாவது, இன்றைய பெயரை வைத்துப் பொருள் சொல்லக் கூடாது. கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தைத் தேட வேண்டும். இரண்டாவது, ஒலிகள் மனம்போனபடி மாறுவதில்லை. ஒரு மொழியில் ஓர் எழுத்து மாறினால் நூற்றுக்கணக்கான சொற்களில் ஒரே முறையில் மாறும். மூன்றாவது, பெயர் சொல்வதை நிலத்தில் சென்று பார்க்க வேண்டும். ஏரி என்று பெயர் சொன்னால் அங்கே கரையோ பள்ளமோ மதகோ இருந்த தடயம் வேண்டும்.

இம்மூன்று விதிகளையும் பெங்களூர் என்ற பெயரிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒய்சள மன்னன் வீர வல்லாளன் வேட்டையாடிக் களைத்து வந்தபோது ஒரு மூதாட்டி வெந்த பயறு கொடுத்துப் பசி தீர்த்தாள் என்றும், அதனால் 'பெந்த காளு ஊரு' என்று பெயர் வந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை இனிமையானதுதான். ஆனால் இரண்டாம் வீர வல்லாளன் ஆண்டது 1173 முதல் 1220 வரை. பெங்களூருக்குத் தெற்கே பேகூரில் நாகேசுவரர் கோயிலில் கிடைத்த கங்கர் காலத்துக் கன்னடக் கல்வெட்டு ஒன்று, பெங்களூரில் நடந்த ஒரு போரைக் குறிப்பிடுகிறது. அது ஏறத்தாழ 890-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மன்னன் ஆட்சிக்கு வருவதற்குச் சற்றேறக்குறைய மூன்று நூற்றாண்டு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது! ஆகவே மூதாட்டி கொடுத்த பயறு பெயருக்குக் காரணம் ஆகாது. உண்மைப் பொருள் என்ன என்பதில் அறிஞரிடையே பல கருத்துகள் உள்ளன. ஆனால் எது பொருள் அன்று என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. அறிவியலில் இதுவும் ஒரு வெற்றியே.

பகரம் ஹகரமான கதை

இனி 'அள்ளி'க்கு வருவோம். தமிழில் 'ப' என்று தொடங்கும் சொற்கள் பல, இன்றைய கன்னடத்தில் 'ஹ' என்று தொடங்குகின்றன. பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு, புகை ஹொகெ. பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தோடுதான் இருந்தன. பத்தாம் நூற்றாண்டையொட்டித் தொடங்கிய இம்மாற்றம் பதினான்காம் நூற்றாண்டுக்குள் பெரும்பாலும் முடிந்துவிட்டது.

ஹெப்பால் இதற்கு நல்ல சான்று. அங்கே கிடைத்த, ஏறத்தாழ 750-ஆம் ஆண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று, கிட்டய்யா என்ற வீரனின் நினைவாக எழுப்பப்பட்டது. அக்கல்லில் அப்பகுதியின் பெயர் 'பெர்பொளல் நாடு' என்று காண்கிறது. 'பெர்' என்பது நம் 'பெரு' தான். பெர்பொளல் என்ற பேரூர் காலப்போக்கில் ஹெப்பால் ஆயிற்று.

அதே வழியில்தான் பள்ளி ஹள்ளி ஆயிற்று. தமிழில் பள்ளி என்ற சொல்லுக்குக் கல்விக்கூடம் என்பது மட்டும் பொருளன்று. மக்கள் தங்கி வாழும் இடம், சிற்றூர், துறவிகள் உறையுள் என்ற பொருள்களும் உண்டு. கன்னடத்தில் ஹள்ளி என்றால் சிற்றூர். தமிழர் நாவில் ஹகரம் நிற்பதில்லை. அது நழுவிவிட்டால் எஞ்சுவது அள்ளி. எங்கள் தருமபுரி மாவட்டத்திலேயே நல்லம்பள்ளியும் உண்டு; மாரண்டஹள்ளியும் உண்டு. பள்ளி, ஹள்ளி, அள்ளி மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவன் வடக்கே போய் உருமாறித் திரும்பி வந்தான். அவனை அடையாளம் தெரியாமல் நாம் விழிக்கிறோம்.

இந்தச் சாவி கையில் கிடைத்தபின் பல பூட்டுகள் திறந்தன. ஒகேனக்கல் அருவியை அறியாத தமிழர் இல்லை. ஹொகெ என்றால் புகை. கல் என்றால் கல்லே. நீர்த்திவலை புகைபோல் எழும் பாறை, ஆகவே புகைக்கல். ஓசூர் என்பது 'ஹொச ஊர்'. அதாவது நம்மூர்ப் புதூர். பெங்களூரில் நாம் அல்சூர் என்று சொல்லும் ஹலசூரு, ஹலசு மரத்தால் பெயர் பெற்றது. ஹலசு என்பது பலா. எனவே அல்சூரில் பேருந்துக்குக் காத்து நிற்கும் தமிழ் மாணவன், தான் ஒரு பலாவூரில் நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த பெயர் பன்னர்கட்டா சாலையிலுள்ள ஹுளிமாவு. முதலில் இதைப் 'புலி மா' என்று எண்ணி, இங்கே புலி திரிந்த காடு இருந்ததோ என்று கனவு கண்டேன். கன்னட நண்பர் திருத்தினார். புலிக்கு உரிய சொல்லில் வருவது வேறு லகரம். இவ்வூர்ப் பெயரில் இருப்பது நம் ளகரம். ஹுளி என்றால் புளிப்பு. ஹுளிமாவு என்றால் புளிக்கும் மா, அதாவது புளிமா! யாப்பிலக்கணம் கற்றபோது தேமா, புளிமா என்று வாய்பாடு ஒப்பித்தோமே, அந்தப் புளிமாவே பெங்களூரில் ஓர் ஊராக நிற்கிறது. பள்ளியில் பொருள் தெரியாமல் ஓதிய சொல்லுக்குப் பொருளை ஒரு நகரப் பேருந்தின் பெயர்ப்பலகை எனக்குக் கற்பித்தது.

இன்னொரு மாற்றமும் உண்டு. தமிழின் வகரத்துக்குக் கன்னடத்தில் பல இடங்களில் ஒலிப்புடைய பகரம் நிற்கும். வேர் அங்கே 'பேரு'; வாழை 'பாளெ'; வில் 'பில்லு'; வேம்பு 'பேவு'. இதையும் மனத்திற்கொண்டு கல்வெட்டுகளைக் காண்போம்.

கல் சொல்லும் சாட்சி

மைசூர் அரசின் தொல்பொருள் துறையில் பணிபுரிந்த லூயிஸ் ரைஸ், பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளை 'எபிகிராபியா கர்னாடிகா'வின் ஒன்பதாம் தொகுதியாக 1905-இல் வெளியிட்டார். அதைப் புரட்டும் தமிழ் மாணவனுக்கு வியப்பு காத்திருக்கிறது. கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் மிகுதியாக உள்ளன.

காடுகோடியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1043-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. பெர்மாடி காவுண்டன் என்பவரின் மகன் இராசராச வேளான் பட்டந்தூர் ஏரியை அமைத்து, மதகுகள் வைத்து, கணபதி, துர்க்கை, க்ஷேத்திரபாலர் ஆகிய தெய்வங்களை எழுந்தருளச் செய்ததை அது கூறுகிறது. தந்தையின் பெயரையும் மகனின் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். தந்தை காவுண்டன், கன்னட நாட்டு ஊர்த்தலைவருக்கு உரிய பெயர். மகன் இராசராச வேளான். சோழ மன்னனின் பெயரைத் தாங்கிய தமிழ்ப் பட்டம். ஆட்சி மாறியதும் ஒரே குடும்பத்தில் பெயரும் மொழியும் மாறியிருக்கின்றன. மாறாதது ஏரி வெட்டும் கடமை ஒன்றுதான். பட்டந்தூர் அக்கிரகாரம் என்ற பெயர் இன்றும் அப்பகுதியில் வழங்குகிறது.

மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. 'வெங்களூர்ப் பெரிய ஏரி'யின் கீழ் உள்ள நிலத்தை வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் கொடையாக அளித்ததை அது சொல்கிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். கங்கர் காலக் கன்னடக் கல்லில் அவ்வூர் 'பெம்பூர்' என்று காண்கிறது. தமிழன் எழுதியபோது வேப்பூர். கன்னடன் எழுதியபோது பெம்பூர். இரண்டிலும் வேம்பின் சாயல் தெரிகிறது. அதே கோயிலின் மற்றொரு கல்வெட்டு 'தாமரைக்கிரை' என்ற ஊரைச் சொல்கிறது. அருகிலுள்ள தாவரெகெரெ அதுவாக இருக்கலாம் என்று கருதுகின்றனர். எழுதியவர் தாமரையைத் தமிழாக்கிக்கொண்டார். ஆனால் 'கெரெ'யை ஏரி என்று மாற்றாமல் தம் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்.

தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலின் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் அவ்வூரைத் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் அழைக்கின்றன. வணிகர் கூடிய ஊர் அது என்பதை அப்பெயரே காட்டுகிறது. அக்கோயிலுக்கு விண்ணமங்கலத்து ஏரியின் வருவாயும் ஜலப்பள்ளி என்ற ஊரின் வருவாயும் கொடுக்கப்பட்டன. விண்ணமங்கலம்தான் இந்திரா நகரை அடுத்த பின்னமங்கலா. ஜலப்பள்ளி என்ற பெயர் ஜாலஹள்ளியை நினைவூட்டுகிறது. எலகங்கா தமிழ்க் கல்வெட்டுகளில் 'இலைப்பாக்க நாடு' ஆகிறது.

இங்கே நம்மவர் சிலர் மார்தட்டத் தொடங்குவதைக் காண்கிறேன். "பார்த்தீர்களா, பெங்களூர் தமிழர் ஊர்!" என்று சொல்ல நாக்குத் துடிக்கும். பொறுங்கள். பெங்களூர் வட்டாரத்தில் இதுவரை அறியப்பட்ட பழைய கல்வெட்டுகளான ஹெப்பால் கல்லும் பேகூர்க் கல்லும் கன்னடத்தில்தான் உள்ளன. தமிழ்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் சோழர் வருகைக்குப் பின்னரே மிகுகின்றன. மேலும், வெங்களூர் என்ற தமிழ் வடிவம் 'பெங்களூர்' என்ற கன்னட வடிவத்துக்கு மூன்றரை நூற்றாண்டு பிற்பட்டது. தமிழில் ஒலிப்புடைய பகரம் சொல்லுக்கு முதலில் வாராது. ஆதலின் தமிழ் எழுத்தாளர் தம் நாவுக்கு ஏற்ப வகரம் இட்டிருக்கலாம். எனவே 'வ' வடிவமே மூலம் என்று வாதிடுவது சான்றுக்கு மேல் சென்று பேசுவதாகும்.

சான்றுகள் சொல்வது வேறு; அதுவே பெரியது. ஆயிரம் ஆண்டுகளாக இந்த மேட்டு நிலத்தில் இரு மொழியினரும் ஒரே ஏரியின் நீரை மதகு திறந்து பாய்ச்சிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். நகரத்தின் நடுவிலேயே திகளர பேட்டை என்ற பகுதி இருக்கிறது. திகளர் என்பது பழங்கன்னடத்தில் தமிழரைக் குறித்த சொல். தோட்டக்கலையில் வல்லவரான திகளர் சமுதாயத்தினர்தாம் தர்மராயசுவாமி கோயிலில் ஆண்டுதோறும் கரக விழாவை நடத்துகின்றனர். 1809-இல் ஆங்கிலேயர் படை முகாமை இங்கே அமைத்தபின், சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர் பலர் அதைச் சுற்றிக் குடியேறினர். பாளையம் என்ற நம் சொல் கன்னடத்தில் பாள்யா ஆகிறது. முகாம் என்பது அதன் பொருள். ஒவ்வொரு பெயரும் ஒரு வருகையின் பதிவேடு.

மரமும் நீரும்

வரலாறு இருக்கட்டும், சுற்றுச்சூழலைப் பற்றிப் பெயர்கள் என்ன சொல்கின்றன?

பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஒரு முகட்டின்மீது அமர்ந்திருக்கிறது. நகரின் ஊடே ஓடும் பேராறு இல்லை. விழும் மழை முகட்டின் இருபுறமும் வழிந்து ஓடிவிடும். மேற்கே விழுவது விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினியில் சேர்கிறது. தட்சிண பினாகினி வேறு யாருமல்ல, நம் தென்பெண்ணைதான்! கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூர் அருகே கடலில் கலக்கும் அந்த ஆற்றில் பெங்களூரின் மழையும் கழிவும் கலந்தே வருகின்றன.

இத்தகைய நிலத்தில் வாழ ஒரே வழி, ஓடும் நீரைப் படிப்படியாகத் தடுத்து நிறுத்துவது. மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்கு, அது நிரம்பினால் அடுத்ததற்கு என்று ஏரிகளைச் சங்கிலிபோல் முன்னோர் கோத்தனர். அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொல் உண்டு. கெரெ என்றால் ஏரி. குண்டெ என்றால் குட்டை. கட்டெ என்றால் கரை. பாவி என்றால் கிணறு. நம் ஞானபாரதி வளாகத்துக்கு அடுத்த நாகரபாவியில் இருப்பது அந்தப் பாவிதான். பாவம் செய்தவன் அல்லன்!

கோடி என்ற சொல்லைத் தனியே சொல்ல வேண்டும். ஏரி நிரம்பியபின் மிகுநீர் வழியும் இடம் கோடி. எங்கள் பக்கத்திலும் 'ஏரி கோடி போகிறது' என்றே சொல்வோம். கோடிஹள்ளி போன்ற பெயர்களைக் கேட்டால், இங்கே ஓர் ஏரியின் கோடி இருந்திருக்குமோ என்று பார்ப்பது நல்லது.

சந்திரா என்று முடியும் ஊர்கள் பெங்களூரில் பல: பொம்மசந்திரா, சிங்கசந்திரா, ஜக்கசந்திரா, திப்பசந்திரா. இவற்றுக்கும் நிலவுக்கும் தொடர்பு உண்டு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மை அதுவன்று. சமுத்திரம் என்பதே தேய்ந்து சந்திரா ஆயிற்று. கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள மேட்டு நிலத்தில் சமுத்திரம் எப்படி வந்தது? பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று அழைப்பது பழைய வழக்கம். நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரமும் கோபாலசமுத்திரமும் உண்டு. இலங்கையில் பொலன்னறுவையிலுள்ள பராக்கிரம சமுத்திரம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு அமைத்த ஏரி. மழை நீரைத் தேக்கிக் கரையில் நின்று பார்த்த உழவனுக்கு அது கடலாகவே தோன்றியிருக்கும்.

பெயரை மறந்ததன் விலை

முன்னோர் பெயரால் எழுதி வைத்த நிலப்படத்தை நாம் படிக்கத் தவறிவிட்டோம். பெங்களூரின் பெரிய பேருந்து நிலையம் இருக்குமிடம் தர்மாம்புதி ஏரி. அம்புதி என்றால் கடல். அதுவும் ஏரிக்கு இட்ட பெயரே. கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் மடியில் எழுந்தது. கரக விழாச் சடங்குக்காக அந்த ஏரியின் ஒரு சிறு மூலை மட்டும் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர்ச் சாலைப் பகுதிகள் மூழ்கின. செல்வர்களும் பொறியாளர்களும் டிராக்டரிலும் படகிலும் ஏறி வெளியேறினார்கள். புதிய குடியிருப்புகளுக்கு அழகிய ஆங்கிலப் பெயர்கள் இருந்தன. தண்ணீருக்கு அப்பெயர்கள் தெரியாது. அதற்குப் பழைய வழிதான் தெரியும்.

சென்னையின் கதையும் இதுவே. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்பவற்றில் வரும் தாங்கல், நீரைத் தாங்கி நிற்கும் சிறிய ஏரி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் முடிச்சூரும் பட்ட பாட்டை நாடறியும். ஏந்தல், கண்மாய், ஊருணி, குளம், குட்டை என்று நீர்நிலைக்குத் தமிழில் எத்தனை சொற்கள்! வன்னியில் கனகராயன்குளம், செட்டிகுளம் என்று ஊர்கள் குளத்தின் பெயராலேயே நிற்கின்றன. நீருக்கு இத்தனை பெயர் வைத்தவர்கள் அதன் ஒவ்வொரு நடையையும் கவனித்தவர்கள்.

ஆயினும் பெயரை மட்டும் நம்பி முடிவு செய்தலும் பிழை. ஒலி ஒப்புமை நம்மை எளிதில் ஏமாற்றும். கர்நாடக எல்லையிலுள்ள அத்திபெலெயை ஓசூர்ப் பக்கத்தார் அத்திப்பள்ளி என்பர். அங்கே பள்ளி இல்லை. 'பெலெ' என்று கேட்டதைத் தமிழ்ச் செவி தனக்குப் பழகிய பள்ளியாக மாற்றிக்கொண்டது. ஆகவே பெயர் ஒரு சாட்சி, நீதிபதி அன்று. கல்வெட்டு, நிலப்படம், முதியோர் சொல், நிலத்தின் சரிவு ஆகிய மற்றச் சாட்சிகளையும் விசாரித்த பிறகே தீர்ப்பு எழுத வேண்டும்.

கோடிக்கொல்லை

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஊரிலிருந்து அப்பா தொலைபேசியில் பேசினார். வீடு கட்ட ஒரு மனை பார்த்திருப்பதாகவும், விலை மலிவாக இருப்பதாகவும், முன்பணம் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். மனைப் பிரிவுக்கு ஏதோ ஒரு நகர் என்று புதுப் பெயர் வைத்திருந்தார்கள்.

"அந்த இடத்துக்குப் பழைய பேர் என்னங்க அப்பா?" என்று கேட்டேன்.

"அதாண்டா, நம்ம கோடிக்கொல்லை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடிஹள்ளியைப் பற்றிக் குறிப்பு எழுதிய தாள் என் கையில் இருந்தது. சிறு வயதில் நூறு முறை அந்தக் கொல்லையைக் கடந்து பள்ளிக்குப் போயிருக்கிறேன். ஒரு முறையேனும் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்ததில்லை.

"ஏரி கோடி போயி எத்தனையோ வருசமாச்சுடா. இனிமே எங்க ரொம்பப் போவுது?" என்றார் அப்பா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பல ஆண்டுகளாக ஏரி நிரம்பவில்லை. ஆனால் நிரம்பாத ஏரிதான் மக்களின் நினைவை மங்கச் செய்கிறது. பெயரின் நினைவு மங்குவதில்லை. முன்பணம் கொடுக்குமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பார்த்துவிடும்படி வேண்டினேன். பாட்டியையும் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேன்.

வரைபடத்தில் அந்த மனைகளை ஒட்டி ஓடைப் புறம்போக்கு என்று கோடு போயிருந்தது. இன்று அங்கே ஓடை தெரியவில்லை. மண் மேவிக் கிடக்கிறது. பாட்டி அதைவிடத் தெளிவாகச் சொன்னாராம்: "நான் வாக்கப்பட்டு வந்த காலத்துல அந்தக் கொல்லையில இடுப்பு மட்டும் தண்ணி போச்சு. ஆடு ரெண்டு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு." அப்பா முன்பணம் கொடுக்கவில்லை. ஆனால் அம்மனைகளில் சிலவற்றை வேறு சிலர் வாங்கிவிட்டார்கள். அவர்களுள் எங்கள் உறவினரும் உண்டு. அவர்களுக்கு இச்செய்தியை எடுத்துச் சொன்னோம். அவர்கள் வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார்கள். போட்ட பணம் போட்டதுதான்.

பெயராராய்ச்சி என்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று அதுவரை எண்ணியிருந்தேன். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு ஒரு சொல்லின் பொருளைச் சார்ந்து நிற்கக்கூடும் என்பதை அன்று கண்டேன்.

நாம் செய்யத்தக்கது

நம் சங்கத்தில் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், பெங்களூரின் பல பேட்டைகளிலிருந்தும் வந்த மாணவர்கள் இருக்கிறோம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்வோம். ஊரின் பெயரை மட்டுமன்று. வயல், கொல்லை, மேடு, பள்ளம், பாறை, கிணறு, மதகு, தோப்பு இவற்றின் பெயர்களையெல்லாம் முதியவர்களிடம் கேட்டு எழுதுவோம். ஊர்ப் பெயராவது அரசுப் பதிவில் பிழைத்திருக்கும். கொல்லைப் பெயர்களோ பெரும்பாலும் பாட்டிமார் வாயில்தான் வாழ்கின்றன. அவர்களோடு அவையும் போய்விடும். எழுதும்போது அவர்கள் சொல்லும் ஒலியையே எழுத வேண்டும்; 'திருத்தி' எழுதக் கூடாது. திருத்துகிறவன் சாட்சியின் வாயை அடைக்கிறான்.

பெங்களூரில் வளர்ந்த நண்பர்கள் தம் பேட்டையின் பழைய பெயரைக் கன்னட நண்பர்களோடு சேர்ந்து விசாரிக்கலாம். ஹுளிமாவுக்கு உரிய ளகரத்தை எனக்குக் கற்பித்தவர் ஒரு கன்னடர். புளிமா என்ற யாப்பு வாய்பாட்டை அவருக்குக் கற்பித்தவன் நான். இருவரும் சேர்ந்தபோதுதான் அந்த ஒரு மாமரம் முழுமையாகக் காய்த்தது.

இறுதியாக என் ஊருக்கு வருகிறேன். அதன் பெயரில் அள்ளிக்கு முன்னே நிற்பது ஒரு மரத்தின் பெயர். அந்த மரம் இன்று ஊரில் ஒன்றுகூட இல்லை. கடைசி மரம் நின்ற இடத்தைப் பாட்டி கை நீட்டிக் காட்டினார். அங்கே இப்போது மின்கம்பம் நிற்கிறது. வரும் மழைக்காலத்தில் அம்மரத்தின் கன்று ஒன்றைத் தேடிக் கொண்டுபோய் ஏரிக்கரையில் நடுவதாக இருக்கிறேன்.

உணவுக் கூடத்தில் என்னை யாரேனும் மீண்டும் கேட்டால், என் ஊரின் பெயர் தமிழா கன்னடமா என்று இப்போது திகைக்க மாட்டேன். பள்ளி என்று பிறந்து, ஹள்ளி என்று வளர்ந்து, அள்ளி என்று எங்களிடம் நிலைத்த பெயர் அது. அதை மாற்ற வேண்டிய தேவை இல்லை. படிக்க வேண்டிய தேவை உண்டு.